சிலிண்டரில் இருப்பது இயற்கை எரிவாயு அல்ல

புறக்கோட்டையில் இன்றும் 'காஸ் வேர்க்ஸ்' என்றொரு தெரு உண்டு. அந்தக் காலத்தில் கொழும்பின் தெருவிளக்குகளை எரித்த வாயு, நிலக்கரியைச் சூடாக்கி எடுத்தது. ஐதரசன், மெதேன், நச்சான காபனோரொட்சைட்டு எல்லாம் அதில் கலந்திருந்தன. இன்று வெள்ளவத்தை மாடிவீட்டுச் சமையலறையில் நிற்கும் 12.5 கிலோ சிலிண்டரில் புரொப்பேனும் பியூற்றேனும் இருக்கின்றன. கெரவலப்பிட்டி மின்நிலையங்களுக்கு வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுவதோ இயற்கை எரிவாயு, அதாவது பெரும்பாலும் மெதேன். மூன்றையும் நாம் 'காஸ்' என்றே சொல்கிறோம்.

சிலிண்டரில் உள்ளது எல்.பி.ஜி (திரவமாக்கிய பெற்றோலிய வாயு), கப்பலில் வரவேண்டியது எல்.என்.ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு). இரண்டு பெயரிலும் 'திரவம்' உண்டு, ஆனால் திரவமாகும் வழி வேறு. ஒவ்வொரு வாயுவுக்கும் ஓர் அவதி வெப்பநிலை இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் வாயு திரவமாகாது. புரொப்பேனுக்கு அது 97 பாகை செல்சியஸ் அளவில். ஆகவே கொழும்பு வெயிலிலும் அமுக்கினாலே போதும். மெதேனுக்கோ மறை 82.6 பாகை. அதனால்தான் வாகனங்களுக்கான சி.என்.ஜி (அமுக்கிய இயற்கை எரிவாயு), 200 மடங்கு வளிமண்டல அமுக்கத்திலும் வாயுவாகவே இருக்கிறது. திரவம் வேண்டுமென்றால் குளிரூட்டியே ஆகவேண்டும். சாதாரண அமுக்கத்தில் மறை 162 பாகைக்குக் கொண்டுபோனால் கனவளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும்.

அந்தக் குளிரில் சாதாரண உருக்கு கண்ணாடிபோல் உடையும்; ஆகவே தாங்கிகளில் 9 சதவீத நிக்கல் கலந்த உருக்கைப் போடுகிறார்கள். வாயுவோடு கலந்துவரும் நீராவியும் காபனீரொட்சைட்டும் உறைந்து குழாயை அடைக்கும்; இரசம் அலுமினிய வெப்பமாற்றியை அரிக்கும். எல்லாவற்றையும் முன்பே நீக்கவேண்டும். ஐதரசன் சல்பைட்டு மிகுந்த வாயுவைத் தொழிலில் 'புளிப்பு வாயு' என்பார்கள். நாக்கில் வைத்துப் பார்த்துச் சூட்டிய பெயரல்ல. அது ஆளைக் கொல்லும்.

கப்பலில் இந்தத் திரவம் அமுக்கத்தில் அல்ல, கொதிநிலையில் நிற்கிறது. உள்ளே கசியும் வெப்பத்தால் ஆவியாகும் பங்குக்கு 'பொயில்-ஓஃப்' என்று பெயர். 1,70,000 கனமீற்றர் கப்பலில் நாளுக்கு 0.1 சதவீதம் ஆவியானாலும் அது ஒரு லட்சம் கனமீற்றர் வாயு. பெரும்பாலும் அதையே கப்பல் இயந்திரத்தில் எரித்துவிடுவார்கள். ஆவியாகும் பங்கு வெப்பத்தை எடுத்துச் செல்வதால் மீதி குளிராகவே இருக்கும். கல்யாணச் சமையலில் பெரிய பேர்னரை மணிக்கணக்காக எரித்தால் சிலிண்டர் வியர்ப்பதும் சுவாலை தணிவதும் இதே காரணத்தால்தான்.

30 பாகையில் தனிப் புரொப்பேனின் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 10 மடங்கு. பியூற்றேனுக்கு 3 மடங்குகூட இல்லை. 2021 இறுதியில் நாட்டில் சிலிண்டர் வெடிப்புகள் தொடர்ந்தபோது கலவை விகிதம் அவ்வளவு பேசப்பட்டதன் பின்னணி இது.

அடுப்புக்காரருக்கு முக்கியமான சொல் வொப்பே எண். வெப்பப் பெறுமானத்தை (எரித்தால் கிடைக்கும் வெப்பம்), சார்படர்த்தியின் (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மெதேனுக்குக் கனமீற்றருக்கு சுமார் 51 மெகாயூல், புரொப்பேனுக்கு 77. ஒரே துவாரம், ஒரே அமுக்கம் என்றால் அடுப்பு தரும் வெப்பமும் இதே விகிதத்தில் மாறும். எல்.பி.ஜி அடுப்பில் மெதேனை விட்டால் சுவாலை சோர்ந்துவிடும். மெதேன் அடுப்பில் எல்.பி.ஜியை விட்டால் மஞ்சளாக எழுந்து சட்டியைக் கரியாக்கும். ஜெட்டையும் ரெகுலேட்டரையும் மாற்றாமல் வாயுவை மட்டும் மாற்ற முடியாது.

எல்.என்.ஜி விலை 'எம்எம்பிடியு'வில் பேசப்படும். 'பிடியு' என்பது பிரித்தானிய வெப்ப அலகு. இங்கே 'எம்' உரோம எண்ணில் ஆயிரம். இரண்டு எம் சேர்ந்தால் மில்லியன். ஒரு எம்எம்பிடியு, வெப்பமாக 293 அலகு மின்சாரத்துக்குச் சமம். எரியும்போது உண்டாகும் நீராவி ஒடுங்கித் தரும் வெப்பத்தையும் சேர்த்தால் உயர் வெப்பப் பெறுமானம், சேர்க்காவிட்டால் தாழ் பெறுமானம். விலை உயர் பெறுமானத்தில் சொல்லப்படும். மின்நிலைய விசையாழியின் வினைத்திறனோ பெரும்பாலும் தாழ் பெறுமானத்தில். மெதேனில் இரண்டுக்கும் 11 சதவீத வித்தியாசம். கவனிக்காவிட்டால் எரிபொருட் செலவுக் கணக்கு அந்த அளவுக்குப் பிழைக்கும்.

கசிவைக் காட்டும் மணத்தை எல்.என்.ஜியில் கலக்க முடியாது, உறைந்துவிடும். மறுபடி வாயுவாக்கிய பிறகே மெர்காப்டன் சேர்ப்பார்கள். மெதேன் காற்றைவிட இலேசானது, கூரையை நோக்கி எழும். அதற்கான உணரியை மேலே பொருத்தவேண்டும். சிலிண்டர் காஸ் கனமானது, தரையோடு பரவிக் குழிகளில் தேங்கும். அதற்கு உணரி முழங்காலுக்குக் கீழே இருக்கவேண்டும்.