சொல் விளக்கம்: லோக்கல் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்

"லோக்கல்ல ஓடுது, சர்வர்ல ஏத்தினா ஓடல." வலைத்தளம் கட்டுகிறவர்கள் ஒருமுறையாவது புலம்பியிருப்பார்கள். இதில் வரும் லோக்கல் எந்த ஊர்? எந்த ஊரும் இல்லை, முன்னால் இருக்கும் கணினிதான். உலகம் பார்த்துக்கொண்டிருக்கும் தளத்தைத் தொடாமல், அதே நிரலை நம் கணினியில் ஓடவிட்டு, உடைத்துப் பார்த்து, சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு. வலை வழங்கி, தரவுத்தளம், நிரல்மொழியின் குறிப்பிட்ட பதிப்பு, கொஞ்சம் மாதிரித் தரவு எல்லாம் சேர்ந்தால் அது லோக்கல் டெவலப்மென்ட் என்விரான்மென்ட். இதன் முன்னால் 'ஸ்டாண்டர்ட்' என்ற சொல்லும் சேர்ந்து வருவதுண்டு.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உள்ளூர் மேம்பாட்டுச் சூழல்' என்று வரும். கேட்டால் ஏதோ கிராம நலத்திட்டம் போல இருக்கிறது. தப்பு 'உள்ளூர்' என்ற சொல்லில்தான்.

லத்தீனில் லோக்கஸ் என்றால் இடம். லோக்கல் அதன் வழியில் வந்தது. கணினிக்காரர்கள் அதை 'தொலைவில் இருப்பது' என்பதற்கு எதிர்ச்சொல்லாக வைத்துக்கொண்டார்கள். கணினி தன்னையே குறிக்க வைத்திருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரைப் பாருங்கள். அதன் வழக்கமான முகவரி 127.0.0.1. அந்த முகவரிக்கு அனுப்பும் எதுவும் கணினியை விட்டு வெளியே போகாது. அனுப்பியவரிடமே திரும்பி வரும். இதற்காக 127 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை ஒதுக்கிவைத்தார்கள். பின்னால் வந்த ஐபிவி6 என்ற இணைய முகவரி முறையில் ஒன்றே ஒன்று போதும் என்று விட்டுவிட்டார்கள்! ஆக, இங்கே லோக்கல் என்பதற்கு ஊர் என்ற பொருளே இல்லை. 'தன்னிடம்' என்பதே பொருள். தமிழில் அதற்கு 'தன்' என்ற ஒரே அசை போதும்.

டெவலப் என்பது பழைய பிரெஞ்சில் சுற்றிவைத்ததைப் பிரிப்பது. கடித உறைக்கான என்வலப் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். மேம்பாடு, உருவாக்கம் இரண்டும் தமிழில் புழங்குகின்றன. நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலத் திட்டங்களில் இருப்பதைச் செப்பனிடும் வேலையே அதிகம் என்பதால் மேம்பாடு சரி என்று வாதிடலாம். எனக்கு உருவாக்கம்தான் பிடிக்கிறது. நிரலைத் தொடுகிறவர் உருவாக்குகிறார்.

என்விரான்மென்ட்டுக்குச் 'சூழல்' அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். பிரெஞ்சு மூலத்திலும் வட்டம், சுற்றி இருப்பது என்றுதான் பொருள். தமிழில் 'சூழ்' என்பதற்குச் சிந்தித்துத் திட்டமிடுவது என்ற பொருளும் உண்டு. குறளில் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்னும்போது சூழ்ச்சி என்பது ஆலோசனைதான். சதி என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஒரு திட்டத்தை நிறுவுவதற்கே முழு நாளையும் தொலைத்தவருக்கு அந்தப் பின்னாள் பொருளும் பொருத்தமாகப் படலாம்.

அப்புறம் 'ஸ்டாண்டர்ட்'. இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். உடனே 'தரமான' என்று எழுதிவிடுவார்கள். நடந்ததைப் பார்த்தால் பொருள் வேறு என்று தெரியும். லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வலை வழங்கி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி நான்கையும் சேர்த்து லாம்ப் என்று 1998-இல் ஒரு ஜெர்மன் கணினி இதழில் பெயரிட்டார்கள். 2002-இல் வந்த எக்ஸ்ஏஎம்பிபி இந்தக் கூட்டத்தை ஒரே நிறுவியில் தந்தது. ஆனாலும் ஆளுக்கொரு பதிப்பு, ஆளுக்கொரு அமைப்பு. ஒருவர் கணினியில் வரும் வழு இன்னொருவர் கணினியில் வராது. "என் மெஷின்ல ஓடுதே!" என்ற பதிலோடு பேச்சு நின்றுபோகும். 2010-இல் வேக்ரன்ட் என்ற கருவி வந்தது. ஒரு முழு மெய்நிகர் கணினியை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிடலாம் என்றானது. 2013-இல் டாக்கர் வந்து அதையே இலகுவாக்கியது. இப்போது சூழலின் விவரம் நிரலோடு சேர்ந்து களஞ்சியத்திலேயே இருக்கிறது. வலைத்தளம் கட்ட உதவும் மென்பொருள்களுக்கு இப்படித் தனித்தனிக் கருவிகள் உண்டு: வேர்ட்பிரஸுக்கு டபிள்யூபி-என்வ், லாராவெலுக்கு செயில், துருபாலுக்கு டிடெவ். ஒரு கட்டளை கொடுத்தால் போதும். நேற்றுச் சேர்ந்த தன்னார்வலரும் பத்து வருடப் பராமரிப்பாளரும் ஒரே பதிப்பில், ஒரே அமைப்பில் நிற்பார்கள்.

இந்த ஏற்பாடு உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் சரி. பழைய பிரெஞ்சில் ஸ்டாண்டர்ட் என்ற சொல் படைக்கொடியைக் குறித்தது, எல்லோரும் வந்து சேரும் அடையாளம். அதனால் இங்கே 'பொது' என்பதே நெருக்கம். 'செந்தரம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை நெறிமுறைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: 'பொதுத் தன்கணினி உருவாக்கச் சூழல்'. தற்காப்பு, தற்கொலை போலத் 'தற்கணினி' என்றுதானே புணர வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆனால் அது தற்காலிகக் கணினி போல ஒலிக்கிறது, விட்டுவிடுவோம். நீளமாக இருக்கிறது என்றால் 'தன்சூழல்' போதும். வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் இடமான ஸ்டேஜிங் என்பதை 'ஒத்திகைச் சூழல்' என்றால், ஆங்கிலத்தில் மறந்துபோன மேடை தமிழில் திரும்பி வந்துவிடும். உலகம் பார்க்கும் தளம் ஓடும் புரொடக்ஷனுக்குப் 'பயன்பாட்டுச் சூழல்'.

பேச்சில் 'லோக்கல்ல ஓடுது' போகாது, போக வேண்டியதும் இல்லை. திட்டத்தை விளக்கும் ரீட்மி கோப்பில் இப்படி எழுதலாம்: "முதலில் தன்சூழலை நிறுவுங்கள். திருத்தம் அங்கே ஓடினால் ஒத்திகைச் சூழலுக்கு அனுப்புங்கள்."