மரபணுத்தொகுதி: சொல்லும் பொருளும்

தொண்டிப் பக்கம் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் என் சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். மருத்துவ ஆய்வுக்கு ரத்தம் கேட்டு வந்தவர்கள் கொடுத்த ஒப்புதல் படிவம். ‘உங்கள் ஜீனோம் தரவு ஆய்வாளர்களுடன் பாதுகாப்பாகப் பகிரப்படும்’ என்று அதில் ஒரு வரி. “பகிர்றதுன்னா பங்கு பிரிக்கிறதுதானப்பா? இதுல யாருக்கு என்ன பங்கு?” என்று கேட்டார். அந்த வரியைப் படித்தால் எழ வேண்டிய கேள்விதான்.

ஜீனோம் என்றால் ஓர் உயிரின் செல்லில் உள்ள மரபுச் செய்தி முழுவதும். அந்தச் சொல்லை 1920-இல் உருவாக்கியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர். ஜீன், குரோமோசோம் (ஜீன்களைத் தாங்கும் இழை) என்ற இரண்டு சொற்களையும் ஒட்டிச் செய்தது என்பது பரவலான விளக்கம். ஜீன் அதற்குச் சற்று முந்தியது. 1909-இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் வைத்த பெயர். அதன் கிரேக்க வேருக்குப் பிறப்பு, குலம் என்று பொருள்.

தமிழில் ஜீன் மரபணு ஆனது. அருமையான ஆக்கம். மரபு என்ற சொல்லுக்கும் பிறப்போடு தொடர்பு உண்டு. தொல்காப்பியத்தின் மரபியலே பார்ப்பு, பறழ், குட்டி என்று உயிர்களின் இளமைப் பெயர்களோடுதான் தொடங்குகிறது. இங்கே ‘அணு’ என்பது நுண்ணியது என்ற பொருளில் வருகிறது.

ஜீனோமுக்கு மரபணுத்தொகை, மரபணுத்தொகுதி என இரண்டு சொற்கள் புழங்குகின்றன. எட்டுத்தொகையை நினைவூட்டுவதால் எனக்குத் ‘தொகை’ பிடிக்கும். ஆனால் ஒப்புதல் படிவத்தில் ‘தொகை’யும் ‘பகிர்வு’ம் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் காசு என்றே எடுத்துக்கொள்வார். அதனால் தொகுதிதான் சரி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், பெயரைப் பார்த்து மரபணுக்கள் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது: மனித மரபணுத்தொகுதியில் சுமார் 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், புரதத்துக்கான குறிப்பு அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமும் தொகுதியில் சேர்ந்ததுதான்.

அப்புறம் ‘பகிர்’. பகு என்ற வேரில் கிளைத்தது. பகுதியும் அதே வேர்தான். பிடித்த மீனை விற்ற காசில் டீசல், ஐஸ் செலவு போக, படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரித்தால், ஒருவருக்குப் போனது இன்னொருவருக்கு இல்லை. தரவு அப்படிக் குறையாது. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் முழுசாகவே போகும். வெளியே போனதைத் திரும்ப வாங்கவும் முடியாது. பெயரை நீக்கினால் போதும் என்பதும் சரியில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெயர் நீக்கிய தரவுகளை இணைய வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டே சிலரின் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் கடற்கரை ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். சித்தப்பாவின் தொகுதியில் பாதி அவருடைய ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கிறது. அவர் போடும் கையெழுத்து அவர்களையும் தொடும்.

ஆகவே பாதுகாப்பான பகிர்வு என்பதை ‘அனுமதிவழி அணுகல்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. தரவு மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, ஓரிடத்தில் இருக்கும். ஆய்வாளர் இன்ன ஆய்வுக்கு என்று விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பார்க்கும் குழு ஒப்பினால்தான் கிடைக்கும். சில ஏற்பாடுகளில் தரவு இடத்தை விட்டு நகராது, ஆய்வாளர் அங்கேயே கணக்கிட்டு விடையை மட்டும் எடுத்துப் போவார். இந்தியர்களின் மரபணுத்தொகுதிகளைப் படித்த ஜீனோம் இந்தியா என்ற அரசுத் திட்டத்தின் சுமார் 10,000 பேரின் தரவு ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து ஆய்வாளர்கள் அதை விண்ணப்பித்தே பெறுகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். “சரி, பின்னாடி வேணாம்னா?” என்றார். பொதுவாக, இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்று விலகலாம். அதற்குள் முடிந்துவிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு ‘விலகல்’ என்ற எளிய சொல்லே போதும். இருவரும் படிவத்தைப் புரட்டிப் பார்த்தோம். அந்தச் சொல் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.