தீ எங்கே இருக்கிறது: கண்ட்ரோலுக்கு உள்ளேயா, கீழேயா?

"தீ கட்டுப்பாட்டுக்குள் வந்தது" என்று தமிழில் எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. அதையே ஆங்கிலத்தில் சொல்லப்போனால் நம்மில் பலருக்கு "த ஃபயர் இஸ் இன் கண்ட்ரோல்" என்றுதான் வாயில் வரும். 'உள்' என்றால் 'இன்' தானே? ஆனால் அந்த வாக்கியத்தின்படி கடிவாளம் தீயின் கையில் இருக்கிறது, தீயணைப்பு வீரர்கள் அது சொன்னபடி ஆடுகிறார்கள். சொல்ல வேண்டியது "அண்டர் கண்ட்ரோல்".

'இன்', 'ஆன்', 'அண்டர்' போன்ற ஆங்கில முன்னிடைச்சொற்களை (ப்ரெபொசிஷன்) மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றே நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அது பாதி உண்மைதான். கட்டுப்பாடு, ஒழுங்குமுறை, தடை, விதி போன்ற சொற்களிலாவது உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. யார் மேலே, யார் கீழே, எது எதன்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது என்ற கணக்கு அது.

முதலில் நம் சொல்லைப் பார்த்துவிடலாம். 'கட்டுப்படு' தன்வினை, 'கட்டுப்படுத்து' பிறவினை. 'கட்டுப்பாடு' பிறந்தது தன்வினையிலிருந்து. கெடு என்பது கேடு ஆனதுபோலப் படு என்பது பாடு ஆகியிருக்கிறது; பள்ளியில் படித்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதாவது நம் சொல் கட்டப்பட்டவரின் பக்கம் நின்று பேசுகிறது. அதனால்தான் 'கட்டுப்பாடான மாணவர்' என்றால் அடங்கி, ஒழுங்காக நடப்பவர். ஆங்கிலக் 'கண்ட்ரோல்' எதிர்ப்பக்கம் நிற்கிறது. அது கயிற்றைப் பிடித்திருப்பவரின் சொல். ஆகவே "ஷி இஸ் இன் கண்ட்ரோல்" என்றால் அவர் ஆள்கிறார். ஆளப்படுவதைச் சொல்ல வேண்டுமானால், அதைக் கீழே இறக்கி 'அண்டர்' போட்டாக வேண்டும். தமிழ் தீயை வேலிக்குள் அடைக்கிறது. ஆங்கிலம் அதே தீயைக் காலடியில் வைக்கிறது. 'உள்' என்பதை 'இன்' என்று மாற்றிய கணத்தில் நாம் பக்கம் மாறிவிட்டோம், அவ்வளவுதான்.

இதில் ஒரு குட்டிச் சொல் செய்யும் அட்டகாசம் தனி. "இன் கண்ட்ரோல் ஆஃப் த கம்பெனி" என்றால் அந்த நபர் நிறுவனத்தை ஆட்டிவைக்கிறார். நடுவில் ஒரு 'த' சேர்த்து "இன் த கண்ட்ரோல் ஆஃப் த கம்பெனி" என்று சொல்லிப் பாருங்கள். இப்போது நிறுவனம் அவரை ஆட்டிவைக்கிறது. 'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் த சார்ஜ் ஆஃப்' என்ற ஜோடியும் இப்படித்தான். குழந்தை செவிலியின் பொறுப்பில் இருக்கிறதா, செவிலி குழந்தையின் பொறுப்பில் இருக்கிறாரா என்பதை ஒரே ஒரு 'த' தீர்மானிக்கிறது. ஒப்பந்தங்களைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கண்ணை அகல விரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி: முன்னிடைச்சொல் எதற்கு வேண்டும்? வினைச்சொல்லுக்கு அது தேவைப்படுவதில்லை. "கண்ட்ரோல் த க்ரவ்ட்", "ரெகுலேட் த பேங்க்ஸ்" என்று செயப்படுபொருளை நேராக ஒட்டிவிடலாம். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உரிமை கிடையாது. இடையில் ஒரு பசை வேண்டும். எதையும் ஒட்டும் பொதுப்பசை 'ஆஃப்'. "கண்ட்ரோல் ஆஃப் த க்ரவ்ட்", "ரெகுலேஷன் ஆஃப் பேங்க்ஸ்". வினையில் 'ஓவர்' சேர்த்து "கண்ட்ரோல் ஓவர் த க்ரவ்ட்" என்று கட்டளை இடுவது பெயர்ச்சொல்லின் பழக்கம் வினைக்கு ஒட்டிக்கொண்டதால் வரும் பிழை. பழைய ஆங்கிலத்தில் நம்முடையதுபோலவே பெயரின் இறுதியில் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்தபின், அந்த வேலையில் பெரும்பகுதி முன்னால் நிற்கும் இந்தச் சொற்களின் தலையில் விழுந்தது.

பொதுப்பசைக்கு ஒரு குறை உண்டு. "த கண்ட்ரோல் ஆஃப் த கமிட்டி" என்றால் குழு கட்டுப்படுத்துகிறதா, குழுவைக் கட்டுப்படுத்துகிறார்களா? இரண்டும் பொருந்தும். நமக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் இதற்குத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்று பெயரே வைத்திருக்கிறது. உரைகளில் வரும் எடுத்துக்காட்டு 'புலி கொல் யானை'. யானையைப் புலி கொன்றதா, புலியை யானை கொன்றதா? 'ஆஃப்' போடும் ஆங்கில எழுத்தாளர் பல நேரம் புலிக்கும் யானைக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் 'ஓவர்', 'ஆன்', 'பை' எல்லாம் வருகின்றன. செய்பவரைக் காட்ட 'பை'. மற்ற இரண்டும் செயப்படுபொருள் பக்கம் நிற்பவை. தமிழில் இரண்டுமே 'மேல்' அல்லது 'மீது' என்று முடிந்துவிடுவதால் நமக்கு வேறுபாடு சட்டென்று உறைப்பதில்லை.

'ஓவர்' என்பது மேலே, தொடாமல் நிற்பது. அதிகாரத்தைக் குறிக்கும் சொற்கள் இதோடு சேரும்: பவர் ஓவர், அத்தாரிட்டி ஓவர், ஜூரிஸ்டிக்ஷன் ஓவர், கண்ட்ரோல் ஓவர். உயரத்தில் ஒருவர் இருக்கிறார், வேண்டும்போது கை நீட்டுவார். இப்போது நீட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. 'ஆன்' அப்படியல்ல. அது பொருளின்மேல் வந்து உட்கார்ந்துவிட்ட சுமை: டாக்ஸ் ஆன், பான் ஆன், லிமிட் ஆன், ரெஸ்ட்ரிக்ஷன் ஆன், எம்பார்கோ ஆன். இந்தக் கண்ணோடு பார்த்தால் கண்ட்ரோல் என்ற ஒரே சொல் ஒருமையில் 'ஓவர்' கேட்பதும், பன்மையில் 'ஆன்' கேட்பதும் புரியும். "கண்ட்ரோல் ஓவர் இம்போர்ட்ஸ்" என்றால் இறக்குமதியை ஆளும் அதிகாரம். "கண்ட்ரோல்ஸ் ஆன் இம்போர்ட்ஸ்" என்றால் அதன்மேல் போடப்பட்ட விதிகள், எண்ணிச் சொல்லக்கூடியவை.

சுமை என்ற உருவகம் வினைகளிலும் தொடர்கிறது. கட்டுப்பாடுகளை 'இம்போஸ்' செய்கிறார்கள். அதன் லத்தீன் வேருக்கு 'மேலே வைத்தல்' என்று பொருள். பிறகு 'லிஃப்ட்' செய்கிறார்கள், தூக்கிவிடுகிறார்கள். தமிழில் அதே விதிகளைத் தளர்த்துகிறோம், ஏனென்றால் நம்முடையது கட்டு. ஆங்கிலத்திலும் 'டைட்டன்', 'ரிலாக்ஸ்' என்று கயிற்று வாசனை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே உருவகத்தோடு எந்த மொழியும் குடும்பம் நடத்துவதில்லை.

விதிக்கு வெளியே போவதற்கு 'ஃப்ரம்': எக்ஸெம்ப்ஷன் ஃப்ரம். அதன் தலையில் உள்ள 'எக்ஸ்' லத்தீனில் 'வெளியே' என்பதால் முன்னிடைச்சொல் ஒருவகை எதிரொலி. ஆக்ஸஸ் என்பதன் தலையில் 'நோக்கி' என்று பொருள்படும் 'அட்' ஒளிந்திருக்கிறது, அதற்கு 'டு'. இந்த உபாயத்தை மிகவும் நம்பிவிடாதீர்கள். கம்ப்ளையன்ஸ், அதாவது விதிக்கு இணங்கி நடத்தல், என்பதற்குப் பின்னால் 'வித்' வருவதைப் பார்த்து 'கம்' என்றால் 'கூட' என்று முடிவுகட்டத் தோன்றும். அந்தச் சொல்லின் மூலமோ 'நிறைவேற்றுதல்' என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினை.

ரெகுலேஷனில் ஒருமை பன்மை பிளவு இன்னும் கூர்மையானது. ஒருமையில் அது பெரும்பாலும் செயல்: "ரெகுலேஷன் ஆஃப் பேங்க்ஸ்", வங்கிகளை ஒழுங்குபடுத்துவது. பன்மையில் தாளில் அச்சான விதிகள். அவை எதன்மீது என்பதற்கு 'ஆன்'. எந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் பிறந்தன என்பதற்கு 'அண்டர்': "ரெகுலேஷன்ஸ் அண்டர் த ஆக்ட்". சட்டமும் மேலே உட்கார்ந்துவிட்டது, பாருங்கள்.

சில இடங்களில் பசையே இருக்காது. 'ப்ரைஸ் கண்ட்ரோல்', 'பெஸ்ட் கண்ட்ரோல்' எல்லாம் நம் வேற்றுமைத்தொகை போன்றவை. உருபு மறைந்து நிற்கிறது. மறைந்தது எது என்பது நம் ஊகத்துக்கு. 'பெஸ்ட் கண்ட்ரோல்' என்றால் பூச்சியைக் கட்டுப்படுத்துவது. 'ஸ்டேட் கண்ட்ரோல்' என்றால் அரசு கட்டுப்படுத்துவது. அமைப்பு ஒன்றுதான், பூச்சியும் அரசும் எதிரெதிர்ப் பக்கத்தில்.

இவ்வளவு மேல் கீழ் பேசும் இந்தச் சொல்லின் பிறப்பில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிர், 'ரோட்டுலுஸ்' என்றால் சுருள். கணக்குச் சுருளுக்கு எதிராக இன்னொரு நகலை வைத்து ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் ஆதியில் கண்ட்ரோல். ஃபிரெஞ்சில் இன்றும் அந்தச் சொல்லுக்குச் சரிபார்த்தல் என்ற பொருள் முன்னால் நிற்கிறது. 'பாஸ்போர்ட் கண்ட்ரோல்' என்ற பலகையில் ஆங்கிலத்திலும் அது உயிரோடு இருக்கிறது. அங்கே யாரும் கடவுச்சீட்டை அடக்கி ஆள்வதில்லை. ஆய்வகத்திலோ இன்னும் அப்படியே இருக்கிறது. மருந்து கொடுத்த குழுவுக்கு எதிரே மருந்து கொடுக்காத ஒரு குழுவை வைத்து ஒப்பிடுகிறார்களே, அந்த இரண்டாவது குழுவின் பெயர் 'கண்ட்ரோல்'. வயதின் விளைவைக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்கும் புள்ளியியலாளர் "கண்ட்ரோல் ஃபார் ஏஜ்" என்கிறார். அங்கே 'ஃபார்' என்பதை விட்டுவிட்டால் அவர் வயதையே அடக்கி ஆள்பவர் ஆகிவிடுவார்.