குத்துக்கல் இருக்க நடுகல் எதற்கு?

ஆர்மீனிய மலைகளில் உள்ள பழங்காலக் கற்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘நடுகற்கள்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘நிற்கும் கற்கள்’ என்பார்கள். போன வாரம் கண்ணில் பட்ட ஒரு மொழிபெயர்ப்பில் ‘நிற்கும் கல் வளாகங்கள்’ என்றே இருந்தது. இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மண்ணில் செங்குத்தாக ஊன்றிய இந்த மாதிரி நெடிய கல்லுக்கு உலக வழக்கில் பெயர் மென்ஹிர். பிரான்சின் மேற்கு ஓரத்தில் பேசப்படும் பிரெத்தோன் மொழியில் ‘மென்’ என்றால் கல், ‘ஹிர்’ என்றால் நீளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆய்வாளர்கள் இதை எடுத்து ஆளத் தொடங்கினார்கள். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்றெல்லாம் அந்தச் சொல் பேசுவதில்லை.

தமிழில் இதற்குக் குத்துக்கல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. செங்குத்து என்கிறோமே, அதே குத்து. அசையாமல் இருப்பவனைக் ‘குத்துக்கல்லாட்டம் இருக்கான்’ என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். தென்காசி பக்கம் குத்துக்கல்வலசை என்று ஓர் ஊரே உண்டு. தொல்லியல்காரர்களும் இதை எழுதுகிறார்கள். நெடுங்கல் என்பாரும் உண்டு, அதுவும் நல்ல சொல்தான்.

சரி, நடுகல் என்றால் என்ன குறை? நட்ட கல்லெல்லாம் நடுகல்தானே என்று கேட்பார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் தமிழ் படித்த யாரிடமாவது நடுகல் என்று சொல்லிப் பாருங்கள், அவர் மனதில் ஒரு மனிதன் வந்து நிற்பான். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன். புறநானூற்றின் 264ஆம் பாட்டில் அந்தக் கல்லைக் கிட்டத்தில் பார்க்கலாம்: பரல் நிறைந்த நிலத்தில் பதுக்கை என்னும் கற்குவியல், மரல் நாரில் தொடுத்த சிவந்த பூங்கண்ணி, மயிற்பீலி, பொறித்த பெயர். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்தோடு கிடைத்த கற்களும் இறந்தவர்களுக்கு எடுத்தவையே. ‘நெடுநிலை நடுகல்’ என்று அகநானூற்றில் வருகிறதே என்றால், அங்கேயும் அம்பு பட்டு விழுந்த வழிப்போக்கர்களின் பதுக்கையோடு, பலி பெறும் கல்லாகத்தான் அது வருகிறது. குத்துக்கல்லின் வழியில்தான் நடுகல் வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இருக்கட்டும். தாத்தாவும் பேரனும் ஒரே குடும்பம் என்பதற்காக இருவரையும் ஒரே பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்?

இப்போது ஆர்மீனியாவுக்குப் போவோம். அங்கு விஷாப் என்று சொல்லப்படும் செதுக்கிய குத்துக்கற்கள் உயர்ந்த மலை மேய்ச்சல் நிலங்களில் இருப்பவை. 1909இல் கெகாமா மலைகளில் நிக்கோலஸ் மார், யாகோவ் ஸ்மிர்னோவ் இருவரும் அவற்றை ஆராய்ந்தார்கள். சிலவற்றில் மீன் உருவம், சிலவற்றில் விரித்துப் போட்ட காளைத்தோல். பெரும்பாலும் ஊற்றுகளையும் பழைய வாய்க்கால்களையும் ஒட்டியே கிடைப்பதால், நீர் வழிபாட்டோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இதைப் போய் நடுகல் என்று எழுதினால், படிப்பவர் அங்கே ஒரு வீரனைத் தேட மாட்டாரா? ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் தவறான விடை சொல்லிவிடுகிறார்.

‘நிற்கும் கற்கள்’ அதைவிட மோசம். விஷாப் கற்களில் பல இன்று விழுந்து கிடக்கின்றன. எல்லாப் பக்கமும் இழைத்துச் செதுக்கி, அடிப்பகுதியை மட்டும் கரடாக விட்டிருப்பதை வைத்துத்தான் ஒரு காலத்தில் அவை மண்ணில் ஊன்றி நின்றவை என்கிறோம். ‘நிற்கும் கல் விழுந்து கிடக்கிறது’ என்று எந்த வாயால் சொல்வது? ‘குத்துக்கல் விழுந்து கிடக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு உறுத்தலும் இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இவற்றுக்கு ‘நில்’ என்ற வேரிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது அவர்கள் ஊர் மக்கள் வாயில் பிறந்த பெயர். நம்முடையது ஆங்கிலத்தை எதிரே வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை போட்டது.

அப்புறம் அந்த ‘வளாகம்’. வளாகம் என்றதும் சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உள்ள கட்டடங்கள்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. ஆர்மீனியாவின் சிசியான் நகருக்கு அருகே ஸோராட்ஸ் கரேர் என்ற மேட்டுநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கற்கள் இருக்கின்றன, பலவற்றின் தலைப்பகுதியில் துளை உண்டு. அதைக் குத்துக்கல் தொகுதி என்றால் போதும். வரிசையாக இருந்தால் குத்துக்கல் வரிசை, வட்டமாக இருந்தால் கல்வட்டம். கற்திட்டை, கற்பதுக்கை, கற்குவை என்று மற்றப் பழங்காலக் கல் அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. அகராதியைத் திறக்கக்கூட வேண்டாம், தமிழில் வந்த ஒரு அகழாய்வுக் கட்டுரையை ஒரு முறை படித்தாலே எல்லாம் கிடைத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைக்கூட ஒதுக்காமல் மொழிபெயர்க்க உட்காருகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.