97 கிலோவாட் கோடு: சிங்கப்பூரில் ஒரு சிறிய செடானின் விலை எப்படி உருவாகிறது?

லெங் கீ சாலையிலோ உபியிலோ உள்ள ஒரு கார் காட்சிக்கூடத்தில் சிறிய செடான் ஒன்றின் விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கினால், இயந்திரத்தின் கொள்ளளவு, திறன், பாதுகாப்பு வசதிகள் ஆகியவை ஒரு பக்கத்திலும், ‘சிஓஇ உட்பட’ (வாகன உரிமைச் சான்றிதழும் சேர்த்து) என்ற சொற்களுடன் விலை இன்னொரு பக்கத்திலும் இருக்கும். முதல் பக்கம் பொறியாளர் எழுதியது, இரண்டாம் பக்கம் அரசாங்கம் எழுதியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூருக்கு வரும் மலிவு விலைச் செடான்களைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை சரியல்ல. இங்குள்ள வரி விதிகளில் சில எண்கள் கோடுகளாக நிற்கின்றன. அந்தக் கோடுகளுக்குள் அடங்கும்படிதான் வண்டியின் இயந்திரமும் வசதிகளும் அமைக்கப்படுகின்றன.

கணக்கின் தொடக்கப் புள்ளி ஓஎம்வி எனப்படும் வெளிச்சந்தை மதிப்பு. வண்டியின் கொள்முதல் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி ஆகியவற்றைச் சேர்த்துச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை மதிப்பிடும் தொகை அது. ஒரு செடானின் ஓஎம்வி 22,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன் மீது 20 விழுக்காடு கலால் வரி, அதாவது 4,400 வெள்ளி. இரண்டையும் கூட்டிய 26,400 வெள்ளிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அதாவது 2,376 வெள்ளி. அடுத்து வருவது ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம். 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வகுக்கப்பட்ட படிநிலைகளின்படி, ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடும், அடுத்த 20,000க்கு 140 விழுக்காடும், அதற்கடுத்த 20,000க்கு 190 விழுக்காடும், பிறகு 250 விழுக்காடும், 80,000 வெள்ளியைத் தாண்டிய பகுதிக்கு 320 விழுக்காடும் கட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டு வண்டிக்கு இது 22,800 வெள்ளி. ஆக, சாலையில் ஓடும் உரிமை இல்லாமலேயே 22,000 வெள்ளி வண்டி 51,576 வெள்ளி ஆகிவிடுகிறது. மாசு அளவைப் பொறுத்த கழிவோ கூடுதல் கட்டணமோ, முகவரின் லாபமோ இதில் இன்னும் சேரவில்லை.

மீதமுள்ள பெரும் பகுதி சிஓஇ, அதாவது 10 ஆண்டுகளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ். 1990 மே மாதத்தில் தொடங்கிய இந்த முறையில், எத்தனை வண்டிகளைப் புதிதாகப் பதிவுசெய்யலாம் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவுசெய்கிறது. விலையை ஏலம் முடிவுசெய்கிறது. மாதத்தில் இரண்டு முறை, திங்கட்கிழமை நண்பகலில் தொடங்கிப் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடியும் ஏலம் அது. கட்டுப்படியாகும் விலை என்ன என்பதை எந்தத் தொழிற்சாலையையும்விட இந்த மூன்று நாள்கள்தான் அதிகம் பாதிக்கின்றன என்பதால், அது இயங்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

நான்கு சான்றிதழ்கள் ஏலத்திற்கு வருகின்றன, ஆறு பேர் கேட்கிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் கொடுக்கத் தயாராக உள்ள உச்சத் தொகைகள் 120,000, 112,000, 105,000, 101,000, 99,000, 95,000 வெள்ளி. முதல் நால்வருக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் 120,000 எழுதியவர் 120,000 கட்டுவதில்லை. தோற்றவர்களில் மிக அதிகமாகக் கேட்டவர் 99,000 எழுதியிருந்தார்; அதற்கு மேல் ஒரு வெள்ளி, அதாவது 99,001 வெள்ளியை நால்வரும் ஒரே அளவாகக் கட்டுகிறார்கள். விலையை நிர்ணயிப்பவர் வென்றவர்களில் எவருமல்லர், எல்லையில் தோற்று நின்ற ஒருவர்தான். ஐந்தாம் இடத்தில் இருந்தவர் 80,000 வெள்ளியோடு நிறுத்திக்கொண்டிருந்தால், மேலே இருந்த நால்வரின் ஆசை இம்மியும் குறையாமலேயே, ஆறாமவர் எழுதிய 95,000த்தை அடுத்து விலை 95,001 ஆகியிருக்கும். எல்லையில் நிற்கும் சிலருடைய மனநிலை மாறினாலே விலை ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 2008 நவம்பர் ஏலமொன்றில் சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு முடிந்தது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சிக்கான விகிதம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2018 பிப்ரவரியிலிருந்து சுழியமாக்கப்பட்டது. பழைய வண்டிகள் பதிவிலிருந்து நீங்கும் அளவுக்குத்தான் பெரும்பாலும் புதிய சான்றிதழ்கள் வருகின்றன. தேவை எவ்வளவு கூடினாலும் அளிப்பு நெகிழ்வதில்லை.

இப்போது கோட்டுக்கு வருவோம். கார்களுக்கான ஏலம், சிறியவற்றுக்கு ‘ஏ’, பெரியவற்றுக்கு ‘பி’ என இரு முக்கியப் பிரிவுகளாக நடக்கிறது. முன்பு 1,600 சிசி என்ற கொள்ளளவு மட்டுமே எல்லையாக இருந்தது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்திச் சிறிய இயந்திரத்திலிருந்தும் பெரிய திறனைப் பெறும் டர்போ தொழில்நுட்பம் அந்த எல்லையை அர்த்தமற்றதாக்கிவிட்டது: 1.6 லிட்டர் இயந்திரம் பொருத்திய ஐரோப்பிய ஆடம்பரச் செடான்கள் சாதாரணக் குடும்ப வண்டிகளோடு ஒரே வரிசையில் நின்று சான்றிதழ் கேட்டன. ஆகவே 2014 பிப்ரவரியில் இன்னொரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. ‘ஏ’ பிரிவில் இருக்க வேண்டுமானால் வண்டியின் உச்சத் திறன் 97 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. 2023 அக்டோபரில் ‘ஏ’ பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்ட அதே ஏலத்தில் ‘பி’ பிரிவு 150,001 வெள்ளியில் முடிந்தது. அன்றைய நிலவரப்படி 97க்கும் 98க்கும் இடையிலுள்ள ஒற்றைக் கிலோவாட்டின் விலை 44,001 வெள்ளி. உலகில் வேறெங்கும் ஒரு கிலோவாட் இவ்வளவு விலை போயிருக்குமா என்பது சந்தேகமே.

அந்த ஒரு கிலோவாட்டை இழக்காமல் இழக்கும் வித்தையைப் பொறியாளர்கள் அறிந்துவைத்திருக்கிறார்கள். திறன் என்பது முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிக் கிடைப்பது. நிமிடத்திற்கு 1,500 சுற்றிலிருந்தே 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் ஒரு சிறிய டர்போ இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2,000 சுற்றில் அதன் திறன் சுமார் 42 கிலோவாட், 4,000 சுற்றில் சுமார் 84 கிலோவாட். 97 கிலோவாட்டை அது எட்டுவது ஏறக்குறைய 4,630 சுற்றில். அதுவரை இயந்திரத்தை எவரும் தொட வேண்டியதில்லை. அதற்கு மேல் சுற்று ஏற ஏற, முறுக்கு விசையை அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால் திறன் 97இலேயே நின்றுவிடும். 5,500 சுற்றில் 168 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும். இந்தக் குறைப்பைச் செய்வது இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி. வெளியேறும் வாயுவில் ஒரு பங்கை டர்போவின் சுழலியைத் தொடவிடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வை அது சற்று முன்னதாகத் திறக்கிறது. காற்று நுழையும் த்ராட்டில் தகட்டை, ஓட்டுநர் மிதியை முழுவதும் அழுத்தியிருந்தாலும், முழுவதும் திறப்பதில்லை. இரும்பில் ஒரு மாற்றமும் இன்றி, மென்பொருளில் சில எண்களை மாற்றினாலே வண்டி ‘ஏ’ பிரிவுக்கு வந்துவிடுகிறது.

இதனால் ஓட்டுநருக்கு நட்டமா? தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,350 கிலோ எடையுள்ள செடானுக்கு, காற்றின் எதிர்ப்பை வெல்ல ஏறக்குறைய 6 கிலோவாட்டும், சக்கரங்களின் உருளல் உராய்வை வெல்ல 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படுகின்றன. பற்சக்கரங்களில் வீணாவதையும் குளிர்சாதனத்தையும் சேர்த்தாலும் அனுமதிக்கப்பட்ட 97 கிலோவாட்டில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது. குறைப்பு வேலை செய்யும் 4,600 சுற்றுக்கு மேற்பட்ட பகுதியை, சாய்தளத்திலிருந்து விரைவுச்சாலைக்குள் மிதியை அழுத்திப் பிடித்து நுழைபவர் ஒருசில விநாடிகள் தொடக்கூடும். நான்கு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைச்சாலையில் ஏறுபவருக்குத்தான் அது உண்மையில் தெரியும்.

கோடு எல்லாரையும் நியாயமாக நடத்துவதில்லை என்பதற்கு டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் நல்ல சான்று. அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரத்தின் கொள்ளளவு 1,598 சிசி. எல்லைக்கு இரண்டு சிசி உள்ளே. அதே காரின் 1.8 லிட்டர் ஹைபிரிட் வகையில் உள்ள இயந்திரம் 1,798 சிசி. அது தனியாகத் தரும் திறன் 72 கிலோவாட் மட்டுமே. மின்மோட்டாரும் சேர்ந்தாலும் 90 கிலோவாட். இவ்வளவு பெரிய இயந்திரம் இவ்வளவு குறைவாகத் தருவதற்குக் காரணம் அது பின்பற்றும் அட்கின்சன் சுழற்சி முறை. அதில் உட்கொள் வால்வு வேண்டுமென்றே தாமதமாக மூடுகிறது. உருளைக்குள் வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பி வெளியே தள்ளப்படுகிறது. எரிவது குறைந்த எரிபொருள்; ஆனால் எரிந்த வாயு விரிவதற்குக் கிடைப்பதோ உருளையின் முழு நீளம். ஆகவே ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கூடுதல் வேலை கிடைக்கிறது. குறைந்த சுற்றில் வரும் பலவீனத்தை மின்மோட்டார் ஈடுசெய்கிறது. சிசி விதியின்படி இந்தச் சிக்கன வண்டி ‘பி’ பிரிவில் பெரிய வண்டிகளோடு போட்டியிட வேண்டும். 1.6 லிட்டருக்குள் அடங்கும் இயந்திரங்களோடு ஹைபிரிட் செடான்கள் இங்கே வரத் தொடங்கியபோது வாங்குவோர் ஏன் அவற்றைக் கவனித்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மின்சார வண்டிகளுக்கு சிசி என்பதே இல்லை. அவற்றுக்கான எல்லை 2022 மே மாதத்திலிருந்து 110 கிலோவாட்.

வசதிகளின் விலையும் இதே கணக்கில் சிக்கியிருக்கிறது. ஓஎம்வி 20,000 வெள்ளிக்கும் 40,000 வெள்ளிக்கும் இடையில் உள்ள ஒரு செடானில், தொழிற்சாலையில் 1,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு வசதியைச் சேர்த்தால், 200 வெள்ளி கலால் வரி, 108 வெள்ளி பொருள் சேவை வரி, 1,400 வெள்ளி ஏஆர்எஃப் ஆகியவை சேர்ந்து வாங்குபவர் தலையில் 2,708 வெள்ளியாக விழுகிறது. தோல் இருக்கை உறையை இறக்குமதிக்குப் பிறகு இங்கேயே பொருத்தும் வழக்கம் முகவர்களிடம் இருப்பதில் வியப்பில்லை. தானாகப் பிரேக் போடும் வசதிக்கு அந்த வழி கிடையாது. முன்கண்ணாடியின் உச்சியில் உள்ள கேமராவும் முகப்பில் உள்ள ரேடாரும் ஒரே பொருளைத் தனித்தனியே பார்த்து, தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் ஒப்பிட்டு, பிரேக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஆணையிட வேண்டும். இவற்றின் கோணம் நூலிழை பிசகினாலும் பக்கத்துத் தடத்தில் உள்ள லாரியைத் தன் தடத்தில் இருப்பதாக வண்டி எண்ணிவிடும். எனவே அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வர வேண்டும், வரியும் முழுதாக விழும். விலை குறைந்த வகையில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டால், கூரைக் கண்ணாடியை விட்டுவிட்டு இந்த வசதியை வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

ஓஎம்வியில் இன்னொரு கோடும் உண்டு, அதைப் பலர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதுதான் கவனிக்கிறார்கள். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதியின்படி, ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை கடன் பெறலாம்; தாண்டினால் 60 விழுக்காடுதான். தவணைக் காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். 150,000 வெள்ளி வண்டிக்கு முன்பணம் 45,000 வெள்ளியா 60,000 வெள்ளியா என்பதை அந்த ஒரு கோடு தீர்மானிக்கிறது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் கூடுதலாகப் பொருத்தப்பட்ட சில நூறு வெள்ளிச் சாதனம், செங்காங்கில் இருக்கும் ஒரு குடும்பத்தின் சேமிப்பிலிருந்து 15,000 வெள்ளியை உடனடியாகக் கேட்கக்கூடும்.

பத்தாம் ஆண்டு முடியும்போது உரிமையாளருக்கு இரண்டு வழிகள் உள்ளன. பதிவை நீக்கிவிடலாம். அதற்குள் நீக்கினால் ஏஆர்எஃப் தொகையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது வண்டியின் வயதையும் அது பதிவான காலத்தின் விதிகளையும் பொறுத்தது, 2023இலிருந்து அதற்கு உச்சவரம்பும் உண்டு. அல்லது சிஓஇயைப் புதுப்பிக்கலாம். ஏலத்தில் கேட்காமல், முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி இன்னும் பத்து ஆண்டுகளும், அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டுகளும் ஓட்டலாம். புதுப்பித்தால் ஏஆர்எஃப்பில் திரும்ப வரவேண்டிய பங்கை இழக்க வேண்டும். ஐந்தாண்டுப் புதுப்பித்தலைத் தேர்ந்தெடுத்த வண்டிக்கு இன்னொரு புதுப்பித்தல் கிடையாது.