கால்விரல் அசையுதுன்னா உடையலன்னு அர்த்தம் இல்ல

எலும்பு டாக்டரான என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது: "டாக்டர், விரலை அசைக்க முடியுது, நடக்கவும் முடியுது, அப்போ உடையல தானே?" அப்படி முடிவு பண்ணாதீங்க. எலும்பு உடைஞ்சிருந்தாலும் தசைநார் வேலை செய்யும், விரல் அசையத்தான் செய்யும். இடிச்ச கொஞ்ச நேரத்துல வீங்கி, மறுநாள் கறுத்துப்போய், எலும்பு மேல ஒரே இடத்துல தொட்டா மட்டும் சுரீர்னு வலிச்சா முறிவா இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க.

"எக்ஸ்ரே எடுத்து என்ன ஆகப்போகுது, விரலுக்கு என்ன கட்டா போடப்போறாங்க"ன்னு சொல்றவங்களும் உண்டு. சின்ன விரல்கள்ல எலும்பு விலகாம உடைஞ்சிருந்தா அது ஓரளவு சரி, பக்கத்து விரலோட சேத்து டேப் போட்டா போதும். ஆனா கட்டைவிரல் அப்படி இல்லைங்க, ஒவ்வொரு அடிக்கும் தரையை உந்தித் தள்றதே அதுதான், அதுல எலும்பு விலகியிருந்தாலோ முறிவு மூட்டுக்குள்ள போயிருந்தாலோ மாவுக்கட்டு, சில நேரம் கம்பி வைக்கிற ஆபரேஷன் வரைக்கும் போகும். கவனிக்காம விட்டா அந்த மூட்டு இறுகி, தேஞ்சு, பின்னாடி நடக்குறப்பல்லாம் வலிக்கும்.

டேப் போடுறதுலயும் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ரெண்டு விரலுக்கும் நடுவுல கொஞ்சம் பஞ்சோ காஸ் துணியோ வைக்காம ஒட்டிடுறாங்க, அப்புறம் வேர்த்து, ஈரம் தங்கி, தோல் வெந்து புண்ணாகி எலும்பு வலியை விட அது பெரிய தொந்தரவாயிடுது. இறுக்கிச் சுத்தாதீங்க. விரல் மரத்துப்போனாலோ வெளுத்தாலோ நீலமானாலோ உடனே அவிழ்த்துடணும். நனைஞ்சா மாத்திடுங்க.

முதல் ரெண்டு நாள் ஐஸை துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க, நேரா தோல் மேல வேண்டாம். படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வச்சா வீக்கம் நல்லாவே குறையும். எண்ணெய் போட்டு நீவுறது, சொடக்கு எடுக்குற மாதிரி விரலைப் பிடிச்சு இழுக்குறது, இது ரெண்டும் தயவுசெஞ்சு வேண்டாம், விலகாத எலும்பையும் விலக்கி விட்டுடும்.

விரல் கோணிப் போயிருந்தா, காயம் திறந்து ரத்தம் வந்தா, மரத்து சில்லுனு இருந்தா அன்னைக்கே போயிடுங்க. குழந்தைங்களுக்கு நகம் முளைக்கிற இடத்துல ரத்தம் கசிஞ்சா அதை வெறும் நகக் காயம்னு விடக்கூடாது, எலும்பு வளர்ற பகுதி அங்க பக்கத்துலயே இருக்கு, கிருமி உள்ள போனா எலும்பு வரைக்கும் பாதிக்கும். சுகர் இருக்குறவங்க தாங்களா டேப் போடவே வேண்டாம். உணர்ச்சி குறைஞ்ச கால்ல வலி தெரியாது, டேப் அறுத்துப் புண்ணானாலும் தெரியாது.

சாதாரண முறிவு சேர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் அடிப்பாகம் விறைப்பா, முன்பக்கம் அகலமா இருக்குற செருப்போ ஷூவோ போடுங்க, வளையுற மெத்து செருப்புல விரலும் சேந்து வளையும். வலி போன பிறகும் வீக்கம் சில மாசம் லேசா இருக்கலாம், அதுக்குப் பயப்பட வேண்டியதில்ல. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு எலும்பு சேர லேட்டாகும், இந்த சமயத்துலயாவது நிறுத்திடுங்க. 3 வாரம் கழிச்சும் வலி கொஞ்சம்கூட குறையலன்னா, இல்ல வலி விரல்ல இல்லாம பாதத்தோட வெளி ஓரத்துல இருந்தா திரும்ப வந்து காட்டுங்க, அந்த ஓரத்து எலும்பு உடைஞ்சிருந்தா வைத்தியமே வேற.