செல்: கைபேசிக்குப் பெயர் தந்த சிற்றறை

"உங்க செல்லைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்கும்போது கையில் இருக்கும் கருவியைத்தான் சொல்கிறோம். ஆனால் செல் என்பது முதலில் கருவிக்கு வைத்த பெயரல்ல. நாம் நின்று பேசுகிற நிலப்பகுதிக்கு வைத்த பெயர்.

மூலம் லத்தீனத்தின் 'செல்லா'. சின்ன அறை, சரக்கறை என்று பொருள். மடத்துத் துறவியின் அறைக்கும் சிறைக் கொட்டடிக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அறை அறையாகத் தெரிந்ததற்கு இந்தச் சொல்லையே வைத்தார். உயிரியலுக்குள் அது வந்தது அப்படித்தான். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர் டக்ளஸ் ரிங், பெரிய பரப்பை அறுகோணத் துண்டுகளாகப் பிரித்து வானொலி வழியே தொலைபேசி வசதி தரலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். அந்தத் துண்டுகளுக்குத்தான் செல் என்ற பெயர் நிலைத்தது.

ஏன் பிரிக்க வேண்டும்? பேச்சைச் சுமக்கும் வானொலி அலைவரிசைகளின் தொகுப்பான அலைக்கற்றை (ஸ்பெக்ட்ரம்) அளவானது. ஊருக்கே ஒரு பெரிய கோபுரம் வைத்தால், ஒரே நேரத்தில் கொஞ்சம் பேர்தான் பேச முடியும். துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால், ஒரு துண்டில் ஓடும் அலைவரிசையைச் சற்றுத் தள்ளி இன்னொரு துண்டிலும் ஓட்டலாம். அதனால்தான் தி. நகர் மாதிரி நெரிசலான இடங்களில் மாடிக்கு மாடி ஆண்டெனா. செல் அங்கே சில நூறு மீட்டர்தான். ஊரைத் தாண்டி வயல்வெளிக்குப் போனால் ஒரே கோபுரம் பல கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் தலைமுறை (2ஜி) கைபேசி நுட்பமான ஜிஎஸ்எம் முறையில் வழக்கமான உச்ச வரம்பு 35 கி.மீ. வால்பாறை போகும் மலைப்பாதையில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. மலை அலையை மறைத்துவிடும். ஒரு வளைவில் டவர் கிடைக்கும், அடுத்ததில் போய்விடும். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பேச்சு அறாமல் வருகிறதே, அதற்குள் நம் அழைப்பு எத்தனையோ செல்களுக்குக் கைமாறியிருக்கும்.

கோபுரம் மட்டும் போதாது, அதைப் பின்னாலிருந்து மற்ற வலையமைப்போடு இணைக்க வேகமான வழியும் வேண்டும். அந்தமான் நல்ல உதாரணம். தீவுகள் வெகுகாலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கம்பி திறக்கப்பட்ட பிறகே அங்கே இணையம் வேகம் பிடித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கருவிக்குக் கைபேசி, அலைபேசி, செல்பேசி, செல்லிடப்பேசி என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. செல்லும் இடமெல்லாம் பேசலாம் என்ற பொருளோடு, மூல ஒலியையும் விடாத செல்லிடப்பேசி அழகான ஆக்கம்தான். ஆனால் வாய்க்கு எளிது கைபேசி. என் தேர்வும் அதுவே.

நிலத்துண்டான செல்லுக்குக் 'கண்ணறை' பொருந்தும். உயிரியலில் ஏற்கெனவே எழுதப்பட்ட சொல் அது. காசிமேட்டு மீன்வலையில் கயிறுகளுக்கு நடுவே இருக்கும் துளையும் 'கண்'தானே. நெட்வொர்க்கை வலையமைப்பு என்கிற மொழியில் அதன் ஒரு பகுதி கண்ணறையாக இருப்பது இயல்பு. சிறிய செல்லைக் குறுங்கண்ணறை எனலாம். புதுச்சொல் யார் வாயில் வரும் என்று தயங்க வேண்டாம். அலைக்கற்றையும் ஒருகாலத்தில் புதிதுதான். 2ஜி அலைக்கற்றை வழக்குச் செய்திகளைப் படித்துப் படித்தே டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது.